கியர்பாக்ஸுக்கு ஜுரம் பார்த்த கதை

கார் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் பழக்கமான ஒரு முள் உண்டு. டேஷ்போர்டின் ஓரத்தில் 'சி' என்ற எழுத்துக்கும் 'எச்' என்ற எழுத்துக்கும் நடுவில் நிற்கும். எஞ்சினின் சூட்டைக் காட்டும் முள் அது. மேலே ஏறினால் வண்டியை ஓரங்கட்ட வேண்டும் என்பது பின் சீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் எஞ்சினை ஒட்டிக்கொண்டே இன்னொரு உலோகப் பெட்டி இருக்கிறது. அதுதான் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். அதற்குள்ளும் எண்ணெய் ஓடுகிறது, அதுவும் சூடாகிறது, அந்தச் சூடு அளவு மீறினால் பெட்டியே போய்விடுகிறது. அதைப் பிரித்துச் சரிசெய்யும் செலவு ஒரு குடும்பத்தின் வருஷச் சேமிப்பையே விழுங்கிவிடக்கூடியது. இருந்தும் பெரும்பாலான கார்களில் அந்தச் சூட்டைக் காட்ட ஒரு முள்ளும் கிடையாது.

அளக்கக் கருவி இல்லையா என்றால், இருக்கிறது. மின்னணு முறையில் இயங்கும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களில் கடந்த முப்பது ஆண்டுகளுக்கு மேலாகவே உள்ளுக்குள் ஒரு வெப்பமானி பொருத்தி வருகிறார்கள். வண்டியின் கணினிக்கு அந்தச் சூடு நொடிக்கு நொடி தெரியும். காசு கொடுத்து வாங்கியவருக்கு மட்டும் தெரியாது! இந்த வேடிக்கையான நிலை எப்படி வந்தது, வேறு எதற்காகவோ போட்ட ஒரு சட்டம் எப்படி இதற்கும் கதவைத் திறந்துவிட்டது என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். வருஷா வருஷம் காரிலேயே ஊருக்குப் போய் வரும் நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு இது வழித்துணையாகவும் பயன்படும் என்று நம்புகிறேன்.

கப்பலில் பிறந்த யோசனை

ஆட்டோமேட்டிக் கியரின் மூலக்கதை கப்பல் கட்டும் துறையில் தொடங்குகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஸ்டெட்டின் நகரில் (இன்று அது போலந்து நாட்டில் இருக்கிறது) வல்கன் என்ற கப்பல் தளம் இருந்தது. அங்கே பணிபுரிந்த ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற பொறியாளருக்கு ஒரு சிக்கல். நீராவி டர்பைன் மிக வேகமாகச் சுற்றுகிறது. கப்பலின் பின்னால் இருக்கும் சுழல்விசிறியோ மெதுவாகச் சுற்றினால்தான் தண்ணீரைத் தள்ள முடியும். இரண்டையும் பல்சக்கரத்தால் இணைப்பதற்குப் பதிலாக, நடுவில் ஒரு திரவத்தை வைத்து இணைக்கலாமே என்று அவர் யோசித்தார். 1905இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார்.

அந்த யோசனையை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். இரண்டு மேஜை மின்விசிறிகளை எதிரெதிராக வையுங்கள். ஒன்றை மட்டும் போடுங்கள். அதன் காற்றுப் பட்டு, மின்சாரம் இல்லாத மற்ற விசிறியும் சுற்ற ஆரம்பிக்கும். காற்றுக்குப் பதில் எண்ணெய், விசிறிகளுக்குப் பதில் ஒரே உறைக்குள் நெருங்கி நிற்கும் இரண்டு அலகுச் சக்கரங்கள் என்று வைத்துக்கொண்டால் அதுதான் திரவ இணைப்பு. நடுவில் மூன்றாவதாக ஓர் அலகுச் சக்கரத்தைப் பொருத்தி, திரும்பி வரும் எண்ணெயின் திசையை மாற்றிவிட்டால் சுழற்று விசையும் பெருகும். அதற்குப் பெயர் டார்க் கன்வெர்ட்டர்.

கார்களில் இதைப் பெரிய அளவில் கொண்டுவந்தவர்கள் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தார். ஏர்ல் தாம்சன் தலைமையில் ஒரு குழு உருவாக்கிய 'ஹைட்ரா-மேட்டிக்' கியர்பாக்ஸ் 1939இல் அறிமுகமாகி, 1940ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் விற்பனைக்கு வந்தது. இதில் இருந்தது திரவ இணைப்பு. கூடுதல் விலை 57 டாலர். இடது காலுக்கு வேலையே இல்லை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் எம்5 ஸ்டூவர்ட் போன்ற இலகு ரக டாங்கிகளிலும் இதே கியர்பாக்ஸ் ஓடியது. போர் முடிந்ததும் 1948இல் ப்யூக் காரில் 'டைனாஃப்ளோ' என்ற பெயரில் டார்க் கன்வெர்ட்டரும் வந்துவிட்டது.

சூடு எங்கிருந்து வருகிறது?

மின்விசிறிக் கதைக்கே திரும்புவோம். முதல் விசிறி எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் இரண்டாவது அதே வேகத்தை எட்டுவதில்லை. எப்போதும் கொஞ்சம் பின்தங்கியே இருக்கும். இதைத்தான் மெக்கானிக்குகள் 'ஸ்லிப்' என்பார்கள். வழுக்கிப்போன அந்த சக்தி எங்கே போகும்? எண்ணெய்க்குள் சூடாக இறங்கும். சமவெளியில் சீராகப் போகும்போது வழுக்கல் குறைவு. மலையில் ஏறும்போதும், நிறைய பாரம் ஏற்றிக்கொண்டு போகும்போதும், நெரிசலில் நகர்ந்து நின்று நகர்ந்து நின்று போகும்போதும் வழுக்கல் அதிகம், சூடும் அதிகம்.

இதைக் குறைக்க ஒரு வழியை பேக்கார்டு நிறுவனம் 1949இலேயே கண்டுவிட்டது. ஓரளவு வேகம் வந்ததும் இரண்டு சக்கரங்களையும் ஒரு கிளட்ச் கொண்டு நேராகப் பூட்டிவிடுவது. இதற்கு 'லாக்-அப்' என்று பெயர். அப்போது அது பரவலாகவில்லை. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகுதான் ஒவ்வொரு சொட்டு பெட்ரோலுக்கும் மதிப்பு கூடியது; 1978இல் கிரைஸ்லர் நிறுவனம் லாக்-அப்பை மறுபடி கொண்டுவர, மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். லாக்-அப் பூட்டிக்கொண்டால் வழுக்கல் இல்லை. எண்ணெயின் சூடும் தணியும்.

பாவம், அந்த எண்ணெய்க்கு எத்தனை வேலை! எஞ்சினின் சக்தியைக் கடத்த வேண்டும். அழுத்தமாக நின்று உள்ளே இருக்கும் கிளட்ச்சுகளைப் பிடிக்க வேண்டும். பல்சக்கரங்களுக்கு வழவழப்புத் தர வேண்டும். அதே சமயம் கிளட்ச் தட்டுகள் வழுக்காதபடி பிடிமானமும் தர வேண்டும். இத்தனையும் செய்துகொண்டே, சூட்டையும் சுமந்து போய் ரேடியேட்டரில் கொட்டிவிட்டு வர வேண்டும். பல கார்களில் இந்த எண்ணெய் ரேடியேட்டரின் தொட்டிக்குள் இருக்கும் ஒரு சிறு குளிர்விப்பான் வழியாகத்தான் ஓடுகிறது. அந்தக் குளிர்விப்பானில் விரிசல் விட்டால் எஞ்சின் தண்ணீரும் கியர் எண்ணெயும் கலந்து ரோஸ்மில்க் நிறத்துக்கு வந்துவிடும். அப்படி ஆன கியர்பாக்ஸ் பிழைப்பது அரிது.

கண்ணும் மூக்கும் கருவியாக இருந்த காலம்

1949இல் ஜெனரல் மோட்டார்ஸ் இந்த எண்ணெய்க்கென்று 'டைப் ஏ' என்ற தர வரையறையை வெளியிட்டது. அதன் வழிவந்தவைதான் இன்று கடைகளில் பார்க்கும் 'டெக்ஸ்ரான்' வகைகள். எஞ்சின் எண்ணெயோடு குழம்பாமல் இருக்கச் சிவப்புச் சாயம் சேர்த்தார்கள். பிடிமானத்துக்காக அக்காலத்தில் சேர்க்கப்பட்ட பொருள்களில் ஒன்றைக் கேட்டால் பலர் நம்பமாட்டார்கள். அது ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெய்! சூட்டைத் தாங்கும் குணம் அதற்கு உண்டு. 1972இல் கடல் பாலூட்டிகளைக் காக்கும் சட்டமும் 1973இல் அழிந்துவரும் உயிரினங்களைக் காக்கும் சட்டமும் அமெரிக்காவில் வந்ததும் திமிங்கில எண்ணெய்க்கு முடிவு கட்டப்பட்டது. அதற்கு மாற்றாக வந்த முதல் கலவைகளில் ஒன்று குளிர்விப்பானின் பற்றவைப்பை அரிக்கவே, அதைத் தடுக்க மறுபடி வேறு மருந்து சேர்க்க வேண்டியதாயிற்று. சூட்டுக்கு ஏற்ற எண்ணெய் ஒரே நாளில் கிடைத்துவிடவில்லை.

இத்தனை காலமும் எண்ணெயின் நிலையைப் பார்க்க இருந்த ஒரே கருவி டிப்ஸ்டிக்தான். அனுபவப்பட்ட மெக்கானிக் குச்சியை உருவி வெள்ளைத் துணியில் துடைப்பார். நல்ல சிவப்பாக இருந்தால் சரி. பழுப்பேறியிருந்தால் யோசிப்பார். கறுத்துப்போய், முகர்ந்து பார்த்தால் தீய்ந்த வாடை வந்தால் உதட்டைப் பிதுக்குவார். நாட்டு வைத்தியர் நாடி பார்ப்பது போலத்தான். ஒரே ஒரு குறை, நோய் முற்றிய பிறகுதான் நாடி பேசியது.

அமெரிக்கப் பட்டறைகளில் ஒரு அட்டவணை வெகு காலமாகப் புழங்கி வருகிறது. எண்ணெய் 175 ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 79 செல்சியஸ் டிகிரியில் ஓடினால் ஒரு லட்சம் மைல் தாங்கும்; அதற்கு மேல் ஒவ்வொரு 20 ஃபாரன்ஹீட் டிகிரிக்கும் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது அதன் சாரம். 91 டிகிரி செல்சியஸில் 50,000 மைல், 102இல் 25,000 மைல் என்று இறங்கிக்கொண்டே போகும். இந்தக் கணக்கு எங்கோ கேட்டது போல இருக்கிறதே என்று வேதியியல் படித்தவர்கள் நினைக்கலாம். ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி ஸ்வாந்தே அர்ரேனியஸ், சூடு ஏற ஏற வேதிவினை எப்படி வேகமெடுக்கிறது என்பதற்கு 1889இல் தந்த விளக்கத்தின் நிழல்தான் இது. பத்து டிகிரி செல்சியஸ் ஏறினால் வினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்று கல்லூரியில் சொல்லிக்கொடுப்பார்களே, அதே கணக்கு. எண்ணெய் கெடுவதும் ஒரு வேதிவினைதானே.

அட்டவணையின் எண்களை அப்படியே இன்றைக்குப் பொருத்தக் கூடாது. அது பழைய கனிம எண்ணெய்களைப் பார்த்துச் சொன்னது. இன்றைய செயற்கை எண்ணெய்கள் கூடுதல் சூட்டைத் தாங்குகின்றன. 90 டிகிரியில் வருஷக்கணக்காக ஓடும் கியர்பாக்ஸ்கள் ஏராளம். ஆனால் அது காட்டும் திசை மாறவில்லை. சூடு ஏறினால் ஆயுள் இறங்கும், அதுவும் கூட்டல் கழித்தல் கணக்கில் இல்லாமல் பெருக்கல் வகுத்தல் கணக்கில் இறங்கும்.

காருக்குத் தெரிந்தது

1833இல் மைக்கேல் ஃபாரடே ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். உலோகங்களைச் சூடாக்கினால் அவை மின்சாரத்தைக் கடத்தும் திறன் குறையும். வெள்ளி சல்பைடு என்ற பொருளோ சூடாக்கினால் இன்னும் நன்றாகக் கடத்தியது. நூறாண்டுகள் கழித்து இந்தக் குணம் உள்ள பொருள்களைக் கொண்டு 'தெர்மிஸ்டர்' என்னும் சின்னஞ்சிறு வெப்ப உணரி செய்தார்கள். மிளகளவு இருக்கும் ஒரு மணி, இரண்டு கம்பிகள், அவ்வளவுதான். சூடு ஏறினால் அதன் மின்தடை இறங்கும். தடையை அளந்தால் சூடு தெரிந்துவிடும்.

1980களில் கியர் மாற்றும் வேலையைக் கணினி ஏற்றுக்கொள்ளத் தொடங்கியபோது, எண்ணெயின் சூடு அதற்கு அவசியமாயிற்று. குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருக்கும். சூடான எண்ணெய் தண்ணீராக ஓடும். இரண்டுக்கும் ஒரே அழுத்தம் கொடுத்தால் கியர் விழும்போது வண்டி குலுங்கும். ஜெனரல் மோட்டார்ஸ் 1991இல் கொண்டுவந்த '4எல்80-இ' என்ற கியர்பாக்ஸில் இந்த உணரி இருந்தது. மற்ற நிறுவனங்களும் அதே வழியில் வந்தன. எண்ணெய் குளிர்ந்திருக்கும்வரை கணினி லாக்-அப்பைத் தள்ளிப்போடும். சூடு மிஞ்சினால் முன்னதாகவே பூட்டி வழுக்கலைக் குறைக்கும். அதற்கும் அடங்காவிட்டால் எஞ்சினின் சக்தியைக் குறைத்துத் தன்னைக் காத்துக்கொள்ளும்.

ஆக, வண்டியின் மூளைக்குத் தெரிந்துவிட்டது. ஓட்டுகிறவருக்கு என்ன சொன்னார்கள்? பாரம் இழுக்கும் சில பெரிய வண்டிகளில் ஒரு முள்ளோ எச்சரிக்கை விளக்கோ வைத்தார்கள். அந்த விளக்கும் நிலைமை கைமீறும் கட்டத்தில்தான் எரியும். சாதாரணக் குடும்பக் காரில் அதுவும் இல்லை.

லாஸ் ஏஞ்சலிஸ் புகையும் பதினாறு முனைகளும்

கதவு திறந்தது எதிர்பாராத பக்கத்திலிருந்து. 1940களிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தைக் கண்ணெரிச்சல் தரும் ஒரு புகைமூட்டம் வாட்டி வந்தது. கால்டெக் கல்வி நிறுவனத்தில் அன்னாசிப்பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஆரி ஹாகன்-ஸ்மித் என்ற டச்சு நாட்டு வேதியியலாளர், 1950களின் தொடக்கத்தில் அதன் காரணத்தைக் கண்டுபிடித்தார். கார்களும் எண்ணெய் ஆலைகளும் விடும் ஆவிகள் வெயிலில் வினைபுரிந்து உண்டாக்கும் நச்சு அது. கார் நிறுவனங்கள் எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. 1967இல் கலிஃபோர்னியா காற்று வள வாரியம் அமைக்கப்பட்டபோது அதன் முதல் தலைவராக அவரே பொறுப்பேற்றார்.

புகையைக் கட்டுப்படுத்தும் கருவிகளைக் காரில் வைத்தால் மட்டும் போதுமா? அவை பழுதானால் யாருக்குத் தெரியும்? வண்டியே தன் பழுதைச் சொல்ல வேண்டும் என்று அந்த வாரியம் விதி செய்தது. 1988 மாடல்களிலிருந்து முதல் கட்டம். அதில் ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு ஒரு பிளக், ஒரு மொழி என்று வைத்துக்கொண்டது. அந்தக் குழப்பத்தைத் தீர்க்க வந்ததுதான் 'ஓபிடி-2'. 1996 மாடல்களிலிருந்து அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களுக்கும் கட்டாயம். ஸ்டியரிங் அருகே, டேஷ்போர்டுக்குக் கீழே, பதினாறு முனைகள் கொண்ட ஒரே மாதிரியான சாக்கெட். பழுதுகளுக்கு ஒரே மாதிரியான எண்கள். கேட்கும் கேள்விகளுக்கும் ஒரே மாதிரியான பதில்கள். ஐரோப்பா பெட்ரோல் கார்களுக்கு 2001 வாக்கில் இதே வழிக்கு வந்தது.

அந்தப் பதில்கள் எப்படி இருக்கும் என்று ஒரு உதாரணம். எஞ்சின் தண்ணீரின் சூடு என்ன என்று ஸ்கேனர் கேட்டால் கார் ஒரு எண்ணைத் தரும். அது 0 முதல் 255 வரை இருக்கலாம். அதிலிருந்து 40ஐக் கழித்தால் செல்சியஸ் கிடைக்கும். கார் 130 என்றால் 90 டிகிரி. ஏன் 40? பனியில் உறையும் ஊர்களில் பூஜ்யத்துக்குக் கீழேயும் காட்ட வேண்டுமே, அதற்காக. எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகும் ஸ்கேனரில் மைனஸ் 40 என்று காட்டினால் பயப்பட வேண்டாம். கார் அனுப்பியது பூஜ்யம் என்றுதான் பொருள். பெரும்பாலும் உணரியின் கம்பி விட்டுப்போயிருக்கும்.

பாதி திறந்த கதவு

இங்கேதான் கதையின் முடிச்சு இருக்கிறது. புகையைப் பாதிக்கும் எந்தப் பழுதும் பொதுப் பட்டியலில் இடம்பெற வேண்டும் என்பது விதி. அதனால் கியர் எண்ணெயின் வெப்ப உணரி பழுதானால் 'பி0710' என்ற எண் வரும். எண்ணெய் அளவுக்கு மீறிச் சூடானால் 'பி0218' வரும். இவை எல்லா நிறுவனங்களுக்கும் பொது. ஆனால் எஞ்சின் தண்ணீரின் சூட்டைப் போல, எண்ணெயின் சூடு இப்போது எவ்வளவு என்ற கேள்வி அந்தப் பொதுப் பட்டியலில் சேரவில்லை. வெப்பமானி உடைந்தால் ஊருக்கே சொல்வார்கள். வெப்பமானி காட்டும் அளவை மட்டும் சொல்லமாட்டார்கள்!

அந்த அளவை ஒவ்வொரு நிறுவனமும் தன் சொந்த முகவரியில், தன் சொந்தக் கணக்கில் வைத்துக்கொண்டது. கேட்கத் தெரிந்தவருக்குத்தான் பதில். கேட்கத் தெரிந்தது நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்தில் இருந்த விலையுயர்ந்த ஸ்கேனருக்கு மட்டும்.

இந்தப் பூட்டைத் தளர்த்தியது ஒரு சிறு சிப். கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் என்ற சிறிய நிறுவனம் 2005இல் 'இஎல்எம்327' என்ற சிப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. காரின் பல மொழிகளையும் கணினிக்குப் புரியும் எளிய எழுத்துகளாக மாற்றித் தருவது அதன் வேலை. முதல் பதிப்பில் நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டைப் போடாமல் விட்டதால், போலிகள் உலகமெங்கும் பரவின. மூல நிறுவனம் 2022இல் கடையைச் சாத்திவிட்டது. அதன் சிப்பின் நகல்களோ இன்றும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. புளூடூத் வழியாகக் கைபேசியோடு இணைத்தால் போதும். ஆர்வலர்கள் பலர் தங்கள் வண்டியில் எந்த முகவரியில் உள்ள எண் கியர்பாக்ஸ் சூடேறும்போது கூடவே ஏறுகிறது என்று பொறுமையாகப் பார்த்துப் பார்த்துக் கணக்கைக் கண்டுபிடித்துப் பகிர்ந்துகொண்டார்கள். இன்று பல கார்களுக்கு இந்த முகவரிகள் கைபேசிச் செயலிகளிலேயே கிடைக்கின்றன.

குச்சி போன பிறகு

இதற்கிடையில் டிப்ஸ்டிக் மறையத் தொடங்கியது. 1996இல் வந்த மெர்சிடஸின் ஐந்து கியர் பெட்டியில் குழாய் இருக்கும், உள்ளே குச்சி இருக்காது. பட்டறையில் வைத்திருக்கும் தனிக் குச்சியை விட்டுத்தான் பார்க்க வேண்டும். 2001இல் பி.எம்.டபிள்யூ. காரில் வந்த இசட்எஃப் நிறுவனத்தின் ஆறு கியர் பெட்டியில் குழாயே இல்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, எண்ணெய் 30 முதல் 50 டிகிரிக்குள் இருக்கும்போது, பெட்டியின் பக்கவாட்டு அடைப்பானைக் கழற்றி எண்ணெய் வழிகிறதா என்று பார்க்க வேண்டும். சூட்டில் எண்ணெய் விரியும். எனவே சூடு தெரியாமல் அளவு பார்த்தால் கூடுதலாகவோ குறைவாகவோ ஊற்றிவிடுவோம். இரண்டுமே கெடுதல்.

டொயோட்டா ஒரு சாமர்த்தியம் செய்தது. பல மாடல்களில் ஓபிடி சாக்கெட்டின் 4ஆம் முனையையும் 13ஆம் முனையையும் ஒரு சிறு கம்பியால் இணைத்துக் குறிப்பிட்ட முறையில் கியர் மாற்றினால், எண்ணெய் சரியான சூட்டுக்கு வந்ததும் டேஷ்போர்டில் 'டி' விளக்கு எரியும். ஸ்கேனர் இல்லாத பட்டறைக்காரரும் வேலை செய்யலாம்.

குச்சி போனதோடு 'ஆயுள் முழுக்க எண்ணெய் மாற்ற வேண்டாம்' என்ற பேச்சும் கிளம்பியது. யாருடைய ஆயுள் என்று யாரும் கேட்கவில்லை. கியர்பாக்ஸைச் செய்யும் இசட்எஃப் நிறுவனமே, ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது எட்டு ஆண்டுகளில் மாற்றுங்கள் என்று பரிந்துரைக்கிறது. பழைய கார் வாங்கும் நம்மவர்கள் இதை மனதில் வைப்பது நல்லது.

நம் நாட்டில்

இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 விதிகள் 2010 ஏப்ரலில் டெல்லி, மும்பை, சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் அமலுக்கு வந்தபோது ஓபிடியும் கூடவே வந்தது. அதன் இரண்டாம் கட்டம் 2013 ஏப்ரலில். 2017இல் அந்த விதிகள் நாடு முழுவதற்குமாயின. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 வந்தது. ஆகவே கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வாங்கிய கார் என்றால் உங்கள் முழங்காலுக்கு மேலே அந்தப் பதினாறு முனைச் சாக்கெட் அநேகமாக இருக்கும். குனிந்து பாருங்கள்.

தகவல் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கும் இங்கே நடந்தது. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்கள் மீது சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும், பழுதறியும் கருவிகளையும், பழுதுபார்க்கும் கையேடுகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்தது குற்றச்சாட்டுகளில் அடக்கம். அபராதம் மேல்முறையீடுகளுக்குப் போனது வேறு கதை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012இலேயே கார்களுக்குப் 'பழுதுபார்க்கும் உரிமை'ச் சட்டம் கொண்டுவந்தது. நம் நாட்டில் நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் இதற்கென ஒரு குழுவையும் தளத்தையும் அமைத்தது. அதில் சேர்த்த துறைகளில் கார்களும் உண்டு. மூலைக்கடை மெக்கானிக் பிழைக்க வேண்டுமானால் இதெல்லாம் வேகமாக நடக்க வேண்டும். அவர் கைத்திறனில் குறைவில்லை. கேள்வி கேட்கும் கருவிதான் அவரிடம் போய்ச் சேரவில்லை.

எண்ணைப் படிப்பது எப்படி?

முதலில் உங்கள் வண்டி எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 2014இல் மாருதி செலேரியோவில் வந்து பிரபலமான ஏஎம்டி என்பது சாதாரண கியர்பாக்ஸை இயந்திரக் கை கொண்டு மாற்றுவது. டார்க் கன்வெர்ட்டர் அதில் இல்லை. இந்தக் கட்டுரையின் கவலையும் அதற்குப் பொருந்தாது. டார்க் கன்வெர்ட்டர் உள்ளவற்றுக்கும், சிவிடி வகைக்கும், எண்ணெயில் நனைந்த இரட்டைக் கிளட்ச் வகைக்கும் எண்ணெய்ச் சூடு முக்கியம். ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் வேறு. ஒன்றை இன்னொன்றில் ஊற்றக் கூடாது.

அடுத்து, உங்கள் வண்டியின் வழக்கமான அளவு என்ன என்று நல்ல நாளில் பார்த்துக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் வண்டி டார்க் கன்வெர்ட்டர் வகை. சமவெளியில் 84, 86 என்று நிற்கும். ஒரு நீண்ட வார விடுமுறையில் மும்பையிலிருந்து புனே போகும் வழியில், கண்டாலா மலைச்சாலையில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டோம். வண்டியை மகன் ஓட்ட, பக்கத்தில் இருந்த நான் கைபேசியில் பார்த்துக்கொண்டே வந்தேன். அரை மணி நேரத்தில் எண் 103க்கு ஏறியது. டேஷ்போர்டில் எஞ்சின் முள் இம்மியும் அசையவில்லை! மேலே போய்ச் சாலை திறந்து வேகம் பிடித்ததும் பத்தே நிமிஷத்தில் 90க்கு இறங்கிவிட்டது. அந்த முள்ளை மட்டும் நம்பினால் பாதி உண்மைதான் தெரியும் என்பதை நான் கண்ணால் கண்டது அன்றைக்குத்தான்.

பொதுவாகச் சொன்னால், 80 முதல் 95 வரை கவலை இல்லை. மலையில் 105 வரை போய் இறங்கினால் அதுவும் இயல்பு. 115க்கு மேல் நீடித்தால் எண்ணெய் கெட்டு அரக்குப் போலப் படியத் தொடங்கும் என்பது பட்டறை வழக்கு. 120ஐத் தாண்டினால் பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி, பிரேக்கைப் போட்டு, 'என்' நிலையில் எஞ்சினை ஓடவிடுவது நல்லது. எஞ்சினை அணைத்துவிட்டால் எண்ணெயைக் குளிர்விப்பானுக்கு அனுப்பும் பம்பும் நின்றுவிடும். ஏசியை அணைத்தால் ரேடியேட்டரின் சுமை குறையும். மலை ஏறும்போது கைமுறையாகக் கீழ் கியரில் வைத்தால் எண்ணெய் வேகமாக ஓடும், வழுக்கலும் குறையும்.

சில எச்சரிக்கைகளும் உண்டு. உணரி எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து எண் மாறும். கன்வெர்ட்டரிலிருந்து வெளியே வரும் எண்ணெய், அடித்தட்டில் தேங்கிய எண்ணெயைவிடக் கூடுதல் சூடாகவே இருக்கும். அதனால் அடுத்த வீட்டுக்காரர் வண்டியின் எண்ணோடு ஒப்பிட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். சில புதிய வண்டிகளில் எண்ணெயை வேண்டுமென்றே வெதுவெதுப்பாக வைக்க ஏற்பாடு இருக்கிறது. மலிவான நகல் கருவிகள் எல்லாக் கேள்விகளையும் சரியாகக் கேட்பதில்லை. வேலை முடிந்ததும் கருவியைக் கழற்றிவிடுங்கள். சாக்கெட்டில் பேட்டரியின் மின்சாரம் எப்போதும் இருக்கும், வாரக்கணக்கில் விட்டால் பேட்டரி இறங்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓட்டுகிறவர் சாலையைத்தான் பார்க்க வேண்டும். எண்ணைப் பார்ப்பது பக்கத்தில் இருப்பவர் வேலை.

ஃபோட்டிங்கரின் காப்புரிமைக்கும் நம் கையில் இருக்கும் கருவிக்கும் இடையே நூறாண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. அதில் பெரும்பகுதிக் காலம் எண்ணெயின் சூட்டை மோப்பத்தால்தான் அறிந்தோம். பிறகு வண்டி அறிந்துகொண்டு நம்மிடம் சொல்லாமல் இருந்தது. காற்று கெடக் கூடாது என்று பொதுமக்களுக்காகப் போட்ட சட்டம், தனிமனிதருக்குத் தன் வண்டியின் உடல்நிலையைக் கேட்கும் வாயையும் தந்தது. கதவு இன்னும் முழுவதும் திறக்கவில்லை. பொதுப் பட்டியலில் இந்த ஓர் எண்ணையும் சேர்த்துவிட்டால் எந்த மூலைக்கடையிலும் எந்தக் கருவியிலும் பார்த்துவிடலாம். அதற்கு நிறுவனங்களுக்கு ஆகும் செலவு அதிகமில்லை. அதுவரை, கோடை விடுமுறைக்கு ஊருக்குப் புறப்படும் முன் டயரில் காற்றுப் பார்ப்பதோடு இதையும் ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வீட்டில் கைபேசியும் கையுமாக இருக்கும் பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுத்தால் அவர்களே நமக்குச் சொல்லித் தருவார்கள்.